நெல்லுல தூர் கம்மி, ஆனா கதிர்ல மணி ஜாஸ்தி, எப்படி?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் பிசான பட்டத்துக்கு அம்பை 16 நெல்லு போட்டுருக்கோம், பக்கத்து வயல்ல வேற ரகம், தூர் (அடியில வெடிக்கிற கிளைப்பு) கம்மிதான் ஆனா கதிர்ல மணி அப்படிப் புடிச்சிருக்கு, இது உரமா ஜீனா அண்ணாச்சி?

பதில்: ரெண்டும்தான் தம்பி. ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுங்கிறதுதான் முக்கியம். ஜிஎன்1ஏ-ன்னு ஒரு ஜீன், சைட்டோகைனின் ஹார்மோன ஒடைக்கிற என்சைம உண்டாக்கும், கதிர் உருவாகுத நேரத்துல அது அடங்கிக் கெடந்தா ஹார்மோன் சேந்து பூ கூடும், மணியும் கூடும். ஜப்பான்ல 2005ல கண்டுபிடிச்சது, அருமையான வேலை!

பதில்: தூர் கம்மின்னா ஐபிஏ1 ஜீனாவும் இருக்கலாம். மைக்ரோ ஆர்என்ஏ 156-ன்னு செல்லுக்குள்ள இருக்க ஒரு குட்டி ஆர்என்ஏ அத அடக்கி வைக்கும், அந்தப் பிடி தளந்தா தூர் கொறைஞ்சு கதிர் பெருசாகும்.

பதில்: மணி கூடுனா போதுமா, பால் புடிக்கணும்லா? கதிரோட அடிப்பக்கம் சாவியா (உள்ள அரிசி இல்லாத பதரா) போவுதான்னு உருவிப் பாருங்க தம்பி.