ஸ்டார் ட்ரெக் நடிகர்களின் சுயசரிதை: படிக்கத் தேவையா?

கேள்வி (வல்கன்தாசன்): 1966–69இல் வந்த அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் ரசிகர்களுக்கு நடிகர்கள் எழுதிய புத்தகங்களில் அக்கறை உண்டா? எதில் ஆரம்பிக்கலாம்?

பதில் 1 (கவிதா_கே): அக்கறை இல்லாமலா? ஸ்பாக் பாத்திரத்தில் நடித்த லியோனார்ட் நிமாய் 1975இல் ‘நான் ஸ்பாக் அல்ல’ என்று தலைப்பு வைத்ததற்கே ரசிகர்கள் கொதித்தார்கள். உள்ளே பாத்திரத்தை அவர் வெறுக்கவே இல்லை. பலர் அட்டையோடு நின்றுவிட்டார்கள். 1995இல் ‘நான் ஸ்பாக்’ என்று இன்னொன்று எழுதினார். இதில் ஆரம்பிங்க. ஸ்பாக்கின் வேற்றுக்கிரக இனமான வல்கன்களின் கை வணக்கம் யூதக் கோயில் ஆசீர்வாதத்திலிருந்து வந்த கதை இதில் இருக்கிறது.

பதில் 2 (பழையரீல்): ஒன்றை மட்டும் படித்தால் ஏமாந்துபோவீர்கள். 1968இல் ஒளிபரப்பான, கேப்டன் கிர்க்கும் உஹுராவும் முத்தமிடும் காட்சியையே எடுத்துக்கோங்க. உதடு படவே இல்லை என்கிறார் கிர்க்காக நடித்த ஷாட்னர் (1993 புத்தகம்). நிஜ முத்தம்தான், முத்தமில்லாமல் எடுத்த மாற்று டேக்கில் ஷாட்னர் வேண்டுமென்றே மாறுகண் போட்டுக் கெடுத்தார் என்கிறார் உஹுராவாக நடித்த நிக்கல்ஸ் (1994 புத்தகம்). கால் நூற்றாண்டு கழித்து எழுதினால் இப்படித்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் படிங்க. ஷாட்னர் சக நடிகர்களைப் பேட்டி எடுத்தே எழுதினார்; அவர்களில் டூஹன் மட்டும் பேட்டி தர மறுத்துவிட்டார்.

பதில் 3 (மணி.எஸ்): படப்பிடிப்புச் சங்கதி மட்டும் வேணும்னா தொடரின் இன்னொரு நடிகரான டகேயின் புத்தகம் (1994) சரிப்படாது. அதில் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முகாம் வாழ்க்கையும் கணிசமாக வரும். என்னைக் கேட்டால், அதுதான் அதன் பலம்.