சித்தப்பாவின் கழுத்தும் பாதமும்

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். சித்தப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். நாலு வருடத்துக்கு முன் கழுத்தின் இரண்டு பக்கமும் பிடரியிலும் சதை ஏறத் தொடங்கியது. மேல் பட்டன் போட முடியாது. "வேலைய விட்டதும் கொழுத்துட்டாரு" என்றார்கள் தீபாவளிக்கு வந்த சொந்தங்கள். ஆனால் கைகால் குச்சியாகத்தான் இருந்தது. அதை வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் வாசலில் சிலிப்பரைக் கழற்றினார், சிமெண்டுத் தரையில் ரத்தம். பாதத்தைத் திருப்பினால், செம்பனை முள் சிலிப்பரைத் துளைத்து உள்ளே ஏறி முறிந்திருந்தது. "எப்பக் குத்துச்சு சித்தப்பா?" என்றேன். "எது?" என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

முதலில் போன கிளினிக்கில் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய் என்றார்கள். ரத்தம் எடுத்தால் அது இல்லை. தைராய்டும் இல்லை. "எடையக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு வருடம் போனது, இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. அங்கேதான் ஒரு டாக்டர் கழுத்தையும் காலையும் சேர்த்துப் பார்த்தார். இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தார். அதிர்வு தெரியவில்லை. கணுக்காலிலும் இல்லை. முட்டிக்கு வந்த பிறகுதான் "இப்பத் தெரியுது" என்றார் சித்தப்பா. ஸ்கேன் எடுத்துவிட்டு மாடலுங் நோய் என்றார். கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேரும், பலருக்கு நரம்பும் கெட்டுக் கால் மரத்துப்போகுமாம். 1888-இல் ஓட்டோ மாடலுங் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் விவரித்த அபூர்வ நோயாம். சாதாரணக் கொழுப்புக் கட்டிக்கு உறை இருக்கும், அப்படியே எடுத்துவிடலாம். இதற்கு உறை கிடையாது, தசைக்கு நடுவே பரவும். அறுத்தாலும் திரும்ப வளரலாம். மூச்சுக்குழாயை அழுத்தினால் ஆபத்து.

சித்தப்பா நிறையக் குடித்தவர். இந்த நோய் வருகிறவர்களில் பலர் அப்படித்தானாம். ஆனால் குடியைத் தொடாதவர்களுக்கும் மரபணுக் கோளாறால் வரும், நரம்பும் கெடும். "குடிச்சான், அனுபவிக்கிறான்" என்று சொல்லும் சொந்தங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மறுமொழி, பீடோரிலிருந்து:
என் பெரியம்மாவுக்குத் தொடையிலும் கையிலும் கொழுப்புக் கட்டிகள், லேசாகத் தொட்டாலே கத்துவார். அதுவும் இதுதானா அண்ணே?

பதில்:
நான் டாக்டர் இல்லை தம்பி. மாடலுங்கில் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கும் கொழுப்புக் கட்டிகளுக்கு டெர்கம் நோய் என்று வேறொன்று உண்டு, பெண்களுக்கு அதிகம் வரும். எந்தெந்த இடத்தில் வலி, எப்போதிலிருந்து என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சித்தப்பா குடியை விட்டு பதினெட்டு மாதம் ஆகிறது. கழுத்து இறங்கவில்லை, ஏறவும் இல்லை. சிலிப்பரை விட்டுவிட்டு மூடிய சப்பாத்து போடுகிறார். ராத்திரி படுக்கும் முன் சித்தி டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்த்துவிடுவார்.