நக்ரா பிடித்தவர்களும் 'ஹை மெயின்டனன்ஸ்' பட்டமும்: மும்பை அனுபவங்களைப் பகிருங்கள்

செம்பூர் டீச்சர்

செம்பூரில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பார்லர், ஓட்டல், கால் சென்டர், பெரிய வீடுகளில் பிள்ளை பார்க்கும் வேலை என்று போகும் நம் பெண்கள்தான் அதிகம் வருகிறார்கள். "எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லி நம்மள உண்டு இல்லைன்னு பண்றவங்கள இங்கிலீஷ்ல என்ன சொல்றது டீச்சர்?" என்பது அவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி.

மும்பையில் 'ரொம்ப நக்ரா' (பிகு, அலட்டல்) என்றால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் பழி யார் மேல் விழுகிறது என்பது சொல்லுக்குச் சொல் மாறும். 'ஸ்பாயில்ட்' என்றால் செல்லத்தில் கெட்டவர், வளர்த்தவர்களுக்கும் சேர்த்துத் திட்டு. 'பிராட்' அடங்காத பிள்ளைக்கு; வளர்ந்தவரைச் சொன்னால் புத்தி இன்னும் வளரவில்லை என்று பொருள். எல்லாம் தனக்குச் சேர வேண்டியது என்ற நினைப்போடு திரிபவர் 'என்டைட்டில்டு'. 'ஹை மெயின்டனன்ஸ்' என்றால் ஓயாமல் பராமரிப்பு கேட்பது; வண்டிக்கும் மெஷினுக்கும் சொன்னது, பிறகு மனிதர் மேல் ஏறிவிட்டது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. டிவா, பிரின்சஸ், ட்ராமா குவீன், பிரைட்ஜில்லா என்று இந்தப் பட்டங்களில் பாதிக்கு மேல் பெண்ணுக்கென்றே செய்தவை. ப்ரிமா டோனா என்பது ஆபரா என்னும் இத்தாலிய இசை நாடகத்தில் முதன்மைப் பாடகிக்குரிய பெயர். மேடையில் அவளுக்குக் கிடைத்த மரியாதை இன்று வசவாகிவிட்டது. ஆண்களையும் அப்படிச் சொல்வதுண்டு, ஆனாலும் சொல் பெண்ணுடையதுதான்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். ஆள் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம்.

தாராவி மல்லி

டீச்சர், நான் கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்றவ. 'பிரைட்ஜில்லா'ங்கிற வார்த்தை எங்க வேலையில சீசனுக்குச் சீசன் காதுல விழும். மணப்பொண்ணையும் காட்ஸில்லாவையும் ஒட்டவச்சுப் பண்ண வார்த்தையாம். கட்டிடத்தையெல்லாம் மிதிச்சு நொறுக்குற ராட்சசப் பிராணிய ஒரு பொண்ணோட சேர்த்துச் சொல்றாங்கன்னு தெரிஞ்சப்போ மனசு கஷ்டமாப் போச்சு.

ஜுஹு பக்கம் ஒரு கல்யாணம். பொண்ணு நம்ம ஊர், பையன் பஞ்சாபி. காலையில நம்ம முகூர்த்தம், சாயங்காலம் அவங்க சடங்கு. இருட்டோட போய்ச் சேர்ந்தேன். மாட்டுங்காவுல சொல்லி வச்சிருந்த மல்லியும் கனகாம்பரமும் வந்திருச்சு. சவுரி வச்சுப் பின்னி ஜடை தச்சு முடிக்கிற நேரத்துல பெரியம்மா வந்து, "இவ்வளவு சின்ன ஜடையா?"ன்னாங்க. நீளம் பண்ணினேன். மாப்பிள்ளையோட அக்கா வந்து, போட்டோவுக்கு முன்பக்கம் கொஞ்சம் லூசா விடணும்னு சொன்னாங்க. அம்மா வந்து நெத்திச்சுட்டி இறங்கியிருக்குன்னாங்க. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணுதான் என்னைப் பார்த்து, "அக்கா, மறுபடி கொஞ்சம் மாத்திடுங்களேன்"னு கேட்கும். வெளியில நின்ன போட்டோகிராபர் பையனுக்குக் கேட்டது அது குரல் மட்டும்தான். "பக்கா பிரைட்ஜில்லா"ன்னு சிரிச்சான்.

விடியறதுக்கு முன்னாடியிருந்து பச்சைத் தண்ணி குடிக்காம உட்கார்ந்திருந்துச்சு அந்தப் புள்ள. தனக்குன்னு அது கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஹேர்பின் குத்துது, சரி பண்ணுங்கன்னு.

சாயங்காலம் மாப்பிள்ளை குதிரை ஏறணும். தலைப்பாகைக் கலர் ஷெர்வானியோட சேரலைன்னு அறைய விட்டு வர மாட்டேன்னுட்டார். பேண்டு வாசிச்சுக்கிட்டே இருக்கு, சொந்தக்காரங்க எல்லாம் ரோட்டுல நிக்கிறாங்க. தாதர் ஹிந்த்மாதாவுக்கு ஆள் ஓடித் துணி வாங்கிட்டு வந்தாங்க. அவரை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. "பையன் எல்லாத்துலயும் பர்ட்டிகுலர்"னு பெருமையாப் பேசிக்கிட்டாங்க. ஒரே நாள், ஒரே கல்யாணம். எனக்கு அது இன்னிக்கும் ஆறல.

அந்தேரி நைட் ட்யூட்டி

விமான நிலையம் பக்கம் ஒரு ஓட்டலில் ஃப்ரன்ட் டெஸ்க். ட்யூட்டி மாறும்போது லாக் புக்கில் விருந்தாளியைப் பற்றி 'ரூட்', 'ஸ்பாயில்ட்' என்றெல்லாம் எழுதக் கூடாது என்பது எங்கள் மேனேஜர் போட்ட விதி. என்ன கேட்டார், நாம் என்ன செய்தோம், அவ்வளவுதான் எழுத வேண்டும். நல்ல விதி. 'ஸ்பாயில்ட்' என்று படித்துவிட்டு டெஸ்க்கில் நிற்பவர், அந்த ஆள் வாய் திறக்கும் முன்பே முகத்தைச் சுளித்துவிடுவார். தலையணை மாற்றச் சொன்னவர் கழுத்து வலிக்காரராகவும் இருக்கலாம் இல்லையா? "நான் யார் தெரியுமா?" என்று கவுண்டரைத் தட்டுபவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு 'என்டைட்டில்டு' சரியாகப் பொருந்தும்.

முலுண்ட் தாத்தா

என் மருமகள் வடக்கத்திப் பெண், வீட்டில் ஆங்கிலமும் இந்தியும்தான். பேரனுக்கு நான் வாழைக்காய் சிப்ஸ் வாங்கி வந்தால், "அப்பா, யூ ஆர் ஸ்பாயிலிங் ஹிம்" என்பாள். பிள்ளையைக் கெடுக்கிறேன் என்கிறாளே என்று முள்ளாய்க் குத்தும். ஒரு நாள் போனில் யாரிடமோ, என் மாமனார் தினமும் ஃபில்டர் காபி போட்டுக் கையில் கொடுக்கிறார், "ஹி ஸ்பாயில்ஸ் மீ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் அத்தனை சந்தோஷம். மகனிடம் கேட்டேன். தன்னைப் பற்றி அப்படிச் சொன்னால் பாசமாகத் தாங்குகிறார்கள் என்று அர்த்தம் என்றான். சிப்ஸ் இப்போது சனிக்கிழமை மட்டும். காபி தினமும் உண்டு.

பி.கே.சி. (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) ஊழியர்

ஆபீசில் வேலையை மதிப்பிட்டு எழுதும் அப்ரைசலில் எனக்கு வந்த வார்த்தை 'ஹை மெயின்டனன்ஸ்'. காரணம், ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் வீடு வரை வண்டி வேண்டும் என்று விடாமல் கேட்டேன். கூட வேலை பார்க்கும் பையன்கள் கடைசி லோக்கல் ரயிலைப் பிடித்துப் போகிறார்களாம், எனக்கு மட்டும் என்ன தனியாக என்று கேட்டார் டீம் லீட்.

இது சலுகையே இல்லை. மகாராஷ்டிரத்தில் 2017ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, இரவு 9.30 முதல் காலை 7 மணி வரை பெண்ணை வேலைக்கு வைக்க வேண்டுமானால் அவள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும், வீட்டு வாசல் வரை வண்டியும் வேண்டும். நான் கேட்டதும் அதையேதான். சட்டப் பிரிவை இணைத்து ஹெச்.ஆருக்கு மெயில் போட்டேன். வண்டி வந்தது. அப்ரைசலில் அந்த வார்த்தை அப்படியே இருக்கிறது, நீக்கச் சொல்லி மறுபடி எழுதியிருக்கிறேன்.

தங்கைகளே, உங்களை அப்படிச் சொன்னால் உடனே குறுகிப் போகாதீர்கள். என்ன கேட்டோம், அது யாருடைய உரிமை என்று முதலில் பாருங்கள்.

பவாயில் வேலை

டீச்சரக்கா, நான் பார்த்துக்கிற பையனுக்கு நாலு வயசு. வேணாம்னு சொன்னா கையில இருக்கிறத வீசி எறியறான். அவங்க அம்மா நல்லவங்க, ஆனா பிள்ளையச் சொன்னா முகம் மாறிடும். இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?

செம்பூர் டீச்சர்

'ஹி இஸ் ஸ்பாயில்ட்' என்று மட்டும் சொல்லிவிடாதேம்மா, அது அவர்கள் வளர்ப்பைக் குறை சொன்னதாகிவிடும். 'பிராட்' வேண்டவே வேண்டாம். நடந்ததைச் சொல்: 'மேடம், டுடே ஹி ஹேட் எ டான்ட்ரம் வென் ஐ செட் நோ. ஹி த்ரூ ஹிஸ் கப்.' 'டான்ட்ரம்' அந்த நேரத்து அடத்தை மட்டும் குறிக்கும், பிள்ளையின் குணத்தைத் தொடாது. கூடவே 'வாட் ஷுட் ஐ டூ?' என்றும் கேள். உன் வீட்டுக்காரம்மா என்ன செய்யச் சொல்கிறார்களோ அதன்படி நீயும் நடக்கலாம்.

பவாயில் வேலை

எழுதி வச்சுக்கிட்டேன் அக்கா. நாளைக்குச் சொல்றேன்.