மறு: ஃபிலிகிரி: ‘மணியிழை’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மெல்லிய உலோகக் கம்பிகளை முறுக்கிச் சுருட்டி, பற்றவைத்து நகையும் பொருள்களும் செய்யும் கலையான ஃபிலிகிரிக்கு (filigree), தமிழ்ச் சொல்லாக ‘நுண்சித்திர வேலைப்பாடு’ என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அது குத்துவிளக்கின் அன்னத்துக்கும் பொருந்தும், தேர்ச் சிற்பத்துக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துவது கலைச்சொல் ஆகாது.

மூலத்தைப் பார்ப்போம். லத்தீனில் ‘ஃபீலும்’ (filum) என்றால் நூல். ‘கிரானும்’ (granum) என்றால் தானிய மணி. இரண்டும் சேர்ந்து இத்தாலியத்தில் ஃபிலிகிரானா ஆகி, பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. (இத்தாலியத்தில் காகிதத்தின் நீர்க்குறிக்கும் இதே சொல்தான், காகித அச்சில் கம்பியை வளைத்துத் தைத்தே அந்தக் குறியை எடுத்தார்கள்.)

‘கம்பி வேலை’ என்ற சொல் பரவாயில்லை. ஒடிசாவின் கட்டக் நகரில் இதே கலைக்கு வழங்கும் ‘தாரகசி’ என்ற பெயரிலும் தார் என்பது கம்பிதான். ஆனால் சென்னையில் கம்பி வேலை என்றால் கட்டடத்துக்குக் கம்பி கட்டுவதுதான் நினைவுக்கு வரும். மணியும் விடுபட்டுப்போகிறது.

அந்த மணி எங்கே இருக்கிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். போன வாரம் தங்கசாலைப் பக்கம் ஒரு வெள்ளிப் பத்தரின் பட்டறையில் கண்டேன். மயிரிழை போன்ற இரண்டு கம்பிகளை ஒன்றாக முறுக்கி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினார். உருப்பெருக்கியில் பார்த்தால் விளிம்பு முழுக்க வரிசையாக மணிகள்! அதைச் சுருட்டிப் பூவிதழுக்குள் அடைத்து, பற்றாசுப் பொடி (உலோகத்தை ஒட்டவைக்கும் பொடி) தூவி ஊதுகுழலால் ஊதினார். பின்னால் தகடே இல்லை. தூக்கிப் பிடித்தபோது ஜன்னல் வெளிச்சம் இதழ்களின் வழியே வந்தது.

தமிழில் நூலும் இழை, நகையும் இழை. வள்ளுவரின் ‘மாணிழை’யும் ‘அணியிழை’யும் நகை அணிந்த பெண்ணையே குறிக்கின்றன. நூலாக இழுத்த உலோகம் நகையாகும் கலைக்கு இந்தச் சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை.

‘இழைப்பு வேலை’ தச்சரின் இழைப்புளியோடு குழம்பும். ‘இழைமணி’ என்றால் கல் இழைத்த நகை என்று கொள்வார்கள். ஆகவே என் பரிந்துரை ‘மணியிழை’. முறுக்கித் தட்டிய கம்பி மணியிழை. கலை மணியிழை வேலை. ‘வெள்ளி மணியிழைப் பெட்டி’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை. மணி என்றால் ரத்தினமும்தானே என்று கேட்கலாம். நெல்மணியும் மணிதான், லத்தீனின் ‘கிரானும்’ சொல்வதும் அதையே.

பட்டறைகளில் வேறு சொல் வழங்குவது யாருக்காவது தெரிந்தால் அவசியம் எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் மணியிழையை நானே விலக்கிக்கொள்கிறேன்.