ஸ்டேஜிங் கிளீனப் பேட்ச்: ரிவ்யூவில் எதைப் பார்க்கணும்?

கேள்வி:
லினக்ஸ் கெர்னல் ஸ்டேஜிங்கில் (இன்னும் தரம் தேறாத டிரைவர்களுக்கான அடைவு) இருக்கிற ஒரு வைஃபை டிரைவருக்கு 12 பேட்ச் (கோட் மாற்றம்) வந்திருக்கு. எல்லாமே செக்பேட்ச் (கோட் நடையைச் சரிபார்க்கிற ஸ்கிரிப்ட்) காட்டுற எச்சரிக்கைகளுக்கானது: இடைவெளி, நீளமான வரி, கேமல்கேஸ் பெயர் (நடுவில் பெரிய எழுத்து வர்ற பெயர்), யூடிலே (சிறு நேரம் காத்திருக்கிற ஃபங்ஷன்), எஸ்டிஆர்என்காப்பி (எழுத்துச் சரத்தை நகலெடுக்கிற ஃபங்ஷன்). கம்பைல் ஆகுது, ஹார்ட்வேர் கையில் இல்லை. எல்லாத்தையும் வரி வரியா படிக்கணுமா?

பதில் 1:
இடைவெளி, பெயர் மாற்றம் மாதிரியானவை மெஷின் கோடைத் தொடவே கூடாது. அதைக் கண்ணால் தேடாதீங்க. கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலேயே ஆப்ஜ்டிஃப் (பேட்ச்சுக்கு முன்னும் பின்னும் கம்பைலான கோடை ஒப்பிடுற கருவி) இருக்கு: பில்ட் பண்ணி ரெக்கார்டு, பேட்ச் போட்டு கமிட், மறுபடி பில்ட், ரெக்கார்டு, கடைசியா டிஃப். டீபக் இன்ஃபோவை ஆப்ஜ்டிஃப்பே நீக்கிட்டுதான் ஒப்பிடும், அதனால அதில் வரி எண் நகர்ந்தது வித்தியாசமா வந்து நிக்காது. உங்க கான்ஃபிகில் கம்பைலே ஆகாத இஃப்டெஃப் (நிபந்தனை இருந்தா மட்டும் கம்பைல் ஆகிற) பகுதி மட்டும் இதில் சிக்காது. அதைப் படிச்சே ஆகணும்.

நீளமான வரிக்கு: செக்பேட்ச் வரம்பு 2020-லேயே 100 எழுத்து ஆயிடுச்சு. 84 எழுத்து வரியை மூணா உடைச்சு அசிங்கமாக்கியிருந்தா தயங்காம வேண்டாம்னு சொல்லுங்க.

பதில் 2:
யூடிலே பேட்ச்தான் ஆபத்து. யூடிலே சுத்திக்கிட்டே காத்திருக்கும், அதுக்குப் பதிலா போடுற யூஸ்லீப்_ரேஞ்ச் தூங்கிடும். ஸ்பின்லாக் (பிடிச்சிருக்கும்போது தூங்கக்கூடாத பூட்டு) பிடிச்சிருக்கும்போதோ டைமர் கால்பேக்குக்குள்ளயோ தூங்கினா ‘ஸ்கெட்யூலிங் வைல் அட்டாமிக்’னு கெர்னல் பிழைதான். செக்பேட்ச் எழுத்தை மட்டும் பார்க்கும், ஃபங்ஷனை யார் கூப்பிடுறாங்கன்னு அதுக்குத் தெரியாது. கூப்பிடுற இடங்களை மேலே வரை தேடிப் பாருங்க. ஹார்ட்வேரில் ஓட்டிப் பார்க்காத டிலே மாற்றத்தை நான் எடுக்கவே மாட்டேன்.

பதில் 3:
எஸ்டிஆர்என்காப்பியும் அப்படித்தான். அது மிச்ச பைட்டுகளை பூஜ்யத்தால் நிரப்பும், அதுக்குப் பதிலா போடுற எஸ்டிஆர்எஸ்காப்பி நிரப்பாது. அந்த ஸ்ட்ரக்ட் அப்படியே யூசர்ஸ்பேஸுக்குப் போனா பழைய கெர்னல் மெமரி கசியும். அங்கே மிச்சத்தையும் நிரப்புற எஸ்டிஆர்எஸ்காப்பி_பேட் கேளுங்க. எதிர்ப்பக்கமும் இருக்கு: நிலையான நீளப் புலத்தில் முடிவு நல் (சரம் முடியுதுன்னு காட்டுற பூஜ்ய பைட்) இல்லாமலே 32 பைட்டும் நிரம்பலாம்னு ஃபர்ம்வேர் எதிர்பார்த்தா, புது ஃபங்ஷன் கடைசி எழுத்தை வெட்டிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 7-வது பேட்ச்சில் பெயர் மாற்றத்தோட ஒரு நல் செக்கும் (பாயிண்டர் காலியான்னு பார்க்கிறது) சேர்ந்து போயிருக்கு. ‘ஃபிக்ஸஸ்’ டேக் (எந்த கமிட்டின் பக்கைச் சரிசெய்யுதுன்னு காட்டுறது) வேற.

பதில் 1:
பிரிச்சு அனுப்பச் சொல்லுங்க, பக் ஃபிக்ஸ் தொடரின் முதல் பேட்ச்சா வரட்டும். டேக் அதுக்கு மட்டும். இப்படியே விட்டா ஸ்டேபிளுக்கு (ஏற்கெனவே வெளியான கெர்னல்களின் கிளை) எடுக்கிறவங்க பெயர் மாற்றத்தையும் சுமக்கணும், பழைய கிளையில் பேட்ச் ஒட்டாது.