ஈஈ லிங்க் ஆக்டிவ், ஆனால் செஷன் வரவில்லை: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

மெயின்பிரேமில் ஏபிபிஎன் (ஐபிஎம்மின் நெட்வொர்க் முறை) இணைப்பு அமைக்கத் தெரிந்தவர்கள் இப்போது ரொம்பக் குறைவு. பெரும்பாலான இடங்களில் அந்த வேலைக்கு ஒரே ஒரு ஆள்தான், சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்த்துக் கேட்கப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டரில், நாம் ஈஈ என்று சொல்வதில், எனக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக இரண்டு வரி. ஐபிஎம்மின் நெட்வொர்க் அமைப்பான எஸ்என்ஏ 1974-ல் வந்தபோது மெயின்பிரேம்தான் தலைமை, மற்ற எல்லாம் அதற்குக் கீழே. நோடுகள் சம அந்தஸ்தில் பேசிக்கொள்ளும் நெட்வொர்க் ஏற்பாடுதான் ஏபிபிஎன். அந்தப் பேச்சை ஐபி நெட்வொர்க்கின் மேல் யுடிபி பாக்கெட்டாக அனுப்புவதுதான் ஈஈ. 1998-ல் வெளியான ஆர்எஃப்சி 2353-ல் இதன் விவரம் இருக்கிறது. பழைய 3745 கம்யூனிகேஷன் கன்ட்ரோலர் பெட்டிகளைக் கழற்றிய இடங்களில், ஒரு நிறுவனத்தின் சிஐசிஎஸ் (பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்) இன்னொரு நிறுவனத்தின் சிஐசிஎஸ்ஸோடு எல்யூ 6.2-ல், அதாவது ப்ரோகிராமும் ப்ரோகிராமும் பேசும் எஸ்என்ஏ முறையில், பேச வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகிறது.

நான் சென்னையிலிருந்து இரவு ஷிஃப்டில் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெளிநாட்டு வங்கியின் சிஸ்டம். எதிர்முனையில் அவர்களோடு கார்டு பரிவர்த்தனை செய்யும் இன்னொரு நிறுவனம். இரண்டு பக்கமும் நெட்ஐடி (நெட்வொர்க்கின் பெயர்) வேறு வேறு, அதனால் எங்கள் பக்கத்து வீடேமை (மெயின்பிரேமின் எஸ்என்ஏ மென்பொருள்) இரண்டு நெட்வொர்க்கையும் இணைக்கும் பார்டர் நோடாக வைக்க வேண்டியிருந்தது. 'பிஎன்=எஸ்' என்பது வீடேம் ஏறும்போது படிக்கப்படுகிற ஆப்ஷன், அதற்காக சிஸ்டத்தை மறுபடி ஏற்றும் ஐபிஎல் தேதி வரை காத்திருந்தோம். மற்றபடி வேலை சுலபம். ஸ்டேடிக் விபா (எந்த ஒரு நெட்வொர்க் கார்டோடும் கட்டப்படாத ஐபி முகவரி) ஒன்று, ஈஈ-க்கான வீடேம் வரையறையான எக்ஸ்சிஏ மேஜர் நோடு, எதிர்முனையின் ஐபி முகவரியும் சிபி (கன்ட்ரோல் பாயிண்ட், நோடை நிர்வகிக்கும் பகுதி) பெயரும் எழுதிய ஸ்விட்ச்டு மேஜர் நோடு, அவ்வளவுதான்.

டயல் கமாண்ட் கொடுத்தவுடன் ஐஎஸ்டி1086ஐ வந்துவிட்டது, ஏபிபிஎன் கனெக்‌ஷன் ஆக்டிவ் என்று. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்கடுத்து வர வேண்டிய ஐஎஸ்டி1096ஐ, அதாவது சிபி-சிபி செஷன் எழுந்துவிட்டது என்கிற மெசேஜ், வரவே இல்லை. பியூவை (எதிர்முனை நோடுக்கான வரையறை) டிஸ்ப்ளே செய்தால் ஆக்டிவ் என்கிறது, பிங் போகிறது, நெட்வொர்க் டீமில் கேட்டால் எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் மெயின்பிரேமைப் பாருங்கள் என்கிறார்கள். நானும் எதிர்முனைக்காரரும் அந்த இரவு முழுக்க வீடேம் வரையறைகள் இருக்கும் வீடேம்லிஸ்ட்டில் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தோம். எதுவும் தப்பாக இல்லை.

விஷயம் போர்ட்டில் இருந்தது. ஈஈ-க்கு ஒரு போர்ட் போதாது, ஐந்து வேண்டும். லிங்கை எழுப்ப இரண்டு முனையும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் எக்ஸ்ஐடி பரிமாற்றமும் லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் 12000-ல் போகும். சிபி-சிபி செஷன் மாதிரியான நெட்வொர்க் நிலை டிராஃபிக் 12001-ல், ஆன்லைன் வகை 12002-ல், நடுத்தரம் 12003-ல், பேட்ச் வகை 12004-ல். எதிர்முனையின் ஃபயர்வாலில் 12000 மட்டும் திறந்திருந்தது! அதனால்தான் லிங்க் ஏறியது, அதன் மேல் எதுவும் ஏறவில்லை. இதைக் காட்டிக்கொடுத்தது ஈஈடயாக் கமாண்டில் 'டெஸ்ட்=எஸ்'. ஐந்து போர்ட்டையும் தனித்தனியாகச் சோதித்து, எதில் பதில் வருகிறது, எதில் வரவில்லை என்று சொல்லிவிடும். அந்த வெளியீட்டை அப்படியே ஒட்டி அனுப்பிய பிறகு நெட்வொர்க் டீமோடு வாக்குவாதமே இல்லை, மறுநாளே திறந்துவிட்டார்கள்.

இதோடு முடியவில்லை. சில வாரம் கழித்து எதிர்முனையில் ஃபயர்வாலை மாற்றினார்கள், லிங்க் போய்விட்டது. இந்த முறை புது ஃபயர்வால் அவர்களிடமிருந்து வரும் பாக்கெட்டின் சோர்ஸ் போர்ட்டை வேறு எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தது. வெப் டிராஃபிக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஈஈ-யில் அனுப்பும் போர்ட்டும் வாங்கும் போர்ட்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், மாற்றினால் பேச்சு நின்றுவிடும். ஒரு முகவரிக்கு ஒரு முகவரி என்று நேருக்கு நேர் மாற்றும் நாட் பரவாயில்லை. போர்ட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது.

என் அபிப்ராயம், ஃபயர்வால் ரெக்வெஸ்டை மெயின்பிரேம் ஆளே எழுத வேண்டும். ஐந்து போர்ட்டையும் தனித்தனியாக எழுதுங்கள், யுடிபி என்று எழுதுங்கள், இரண்டு திசையும் எழுதுங்கள் (யார் முதலில் அனுப்புவார் என்று சொல்ல முடியாது), போர்ட் மாற்றம் கூடாது என்று தனி வரியாகச் சேருங்கள். நடுவில் இருப்பவர் சுருக்கி எழுதினால் நமக்குத்தான் ராத்திரித் தூக்கம் போகும்.

*

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. ஈஈ ஏறியது, சிபி-சிபி ஏறியது, எல்லாம் பச்சை. ஆனால் செஷன்கள் மட்டும் அந்த வழியாகப் போகாமல் பழைய வழியிலேயே சுற்றிக்கொண்டு போயின. பழைய லிங்கை இறக்கினால் ஈஈ-க்கு வரும், ஏற்றிவிட்டுப் புதிதாக செஷன் போட்டால் மறுபடி பழைய வழி.

டி நெட்,டோப்போ கொடுத்து அந்த டிஜியின் (இரண்டு நோடுக்கு இடையிலான லிங்க்) விவரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. லிங்கின் வேகம் போன்ற குணங்களைச் சொல்லும் டிஜி ப்ரொஃபைல் எதையும் யாரும் குறிப்பிடவில்லை. அதனால் வீடேம் கணக்கில் அது ஏதோ மிக மெதுவான லைன். ஏபிபிஎன் ஒவ்வொரு டிஜிக்கும் எடை போட்டு எடை குறைந்த வழியைத்தான் எடுக்கும், பெயரில் ஈஈ என்று இருப்பதால் சலுகை எதுவும் கிடையாது. ஐபிஎம் தரும் ப்ரொஃபைல் தொகுப்பான ஐபிஎம்டிஜிபிஎஸ்ஸில் ஈஈ-க்கென்றே ஈஈஎக்ஸ்ட்வான், ஈஈஎக்ஸ்ட்கேம்ப் என்று தயாராக இருக்கின்றன, தொலைதூர லிங்க் என்பதால் முதலாவதைப் போட்டோம். அதற்கு அந்த ஐபிஎம்டிஜிபிஎஸ் மெம்பர் வீடேம்லிஸ்ட்டில் இருந்து ஆக்டிவேட்டும் ஆகியிருக்க வேண்டும், வீடேம் ஏறும்போது ஆக்டிவேட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான ஏடிசிகான் மெம்பரில் இருக்கிறதா என்று பாருங்கள். சேவை வகைகள் எழுதியிருக்கும் காஸ்ஏபிபிஎன்னுக்கும் இதேதான்.

*

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன், அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். என்னிடம் ஒன்று இருக்கிறது. எங்கள் லிங்க் நன்றாக ஓடியது, ஆன்லைன் பரிவர்த்தனை ஒரு குறையும் இல்லை. இரவில் பேட்ச் ஃபைல் அனுப்பினால் மட்டும் நகராது. இரண்டு முனைக்கும் இடையே டிராஃபிக் போகும் ஆர்டிபி பைப்பை டிஸ்ப்ளே செய்தால் திரும்பத் திரும்ப அனுப்பிய எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. முதலில் எல்லோரும் 12004 மூடியிருக்கிறது என்றுதான் நினைத்தோம், ஈஈடயாக் போட்டால் ஐந்தும் சரி என்று வருகிறது.

நடுவில் விபிஎன் இருந்தது. அதன் ஹெடரும் சேர்ந்தால் முழு அளவு பாக்கெட் ஒரே துண்டாகப் போகாது, ரவுட்டர் அதை உடைக்கும். உடைந்த இரண்டாவது துண்டில் யுடிபி ஹெடர் இருக்காது, போர்ட் எண் தெரியாததால் அடுத்த ஃபயர்வால் அதை எறிந்துவிடுகிறது. சின்ன மெசேஜ் உடையாது, அதனால் ஆன்லைனுக்குப் பாதிப்பே இல்லை. டிசிபிஐபி ப்ரொஃபைலில் அந்த ரூட்டின் எம்டியூவை (ஒரே துண்டாகப் போகும் பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1400-க்குக் குறைத்து, லிங்கை இறக்கி ஏற்றினோம். வீடேம் அந்த அளவை டிசிபிஐபியிடமிருந்து வாங்கித்தான் தன் பாக்கெட்டை வெட்டுகிறது, அன்றிரவே ஃபைல் போய்விட்டது. பாதையின் எம்டியூவைத் தானே கண்டுபிடிக்கும் வசதியும் ஈஈ-க்கு உண்டு, ஆனால் வழியில் யாராவது ஐசிஎம்பியை (பாக்கெட் பெரிது என்று திரும்பிச் சொல்லும் மெசேஜ்) தடுத்திருந்தால் அது உதவாது.

அப்புறம், ஏபிபிஎன்னின் பிங்கான ஏபிங் கொடுக்கும்போது வெறும் சிபி பெயரோடு நிறுத்த வேண்டாம். சைஸைப் பெரிதாகக் கொடுத்து, செஷனின் வகையைக் குறிக்கும் லாக்மோடை பேட்ச் வகைக்கு மாற்றி ஒரு முறை ஓட்டுங்கள். இந்த மாதிரி விஷயம் பேட்ச் டீம் கையில் போவதற்கு முன்பே நம்மிடம் மாட்டிக்கொள்ளும்.