ஊர்ச் சிவன் கோயிலின் காலத்தைக் கட்டடத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

கேள்வி – காவிரிக்கரையான்

குடமுழுக்குக்கு முன் கோயிலைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வேண்டும் என்கிறார்கள். பெயர்ப்பலகையில் "2000 ஆண்டு பழைமை" என்றிருக்கிறது. அதை அப்படியே எழுத மனமில்லை. தஞ்சைப் பக்கம், கிழக்கு பார்த்த சிறிய கோயில். ஒருதள விமானம், கூரைக்கு மேல் சுதை (சுண்ணாம்புச் சாந்து வேலை). கருவறையை ஒட்டிய அர்த்தமண்டபத் தூண்களில் போதிகை சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் சின்னத் துருத்தல். முன்மண்டபத்தில் வாழைப்பூ மாதிரி தொங்குகிறது. அம்மன் சன்னதி தெற்கு பார்த்தது. தெற்குச் சுவரின் அடியில் கல்வெட்டு. "கோப்பரகேசரி", "யாண்டு ௰௨" இரண்டும்தான் புரிகின்றன. எதை வைத்துக் காலம் சொல்வது?

பதில் 1 – அதிட்டானம்

முழுக் கோயிலுக்கும் ஒரே வயது என்று தேடாதீர்கள். நீங்கள் சொன்னதிலேயே குறைந்தது இரண்டு காலம் தெரிகிறது. கருவறை, அர்த்தமண்டபம், முன்மண்டபம், அம்மன் சன்னதி என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் போதிகை. தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கை அது. சுதையும் வண்ணமும் அதிகம் ஏறாத இடம். உத்தரத்தை இறக்காமல் அதை மட்டும் மாற்றவும் முடியாது. பல்லவர் காலத்திலும் முற்சோழர் காலத்திலும் அலை அலையாக மடியும் தரங்கப் போதிகை, நடுவே ஒரு பட்டை. இது இரண்டுக்கும் பொது என்பதால், அலையைக் கண்டவுடன் "பல்லவர்" என்று எழுதிவிடக் கூடாது. அடுத்து வெட்டுப் போதிகை: சாய்வாக வெட்டி, நடுவில் துருத்தல். சோழர் காலம் நெடுக வருவது இதுதான். பிற்சோழர், பிற்பாண்டியர் காலத்தில் அந்தத் துருத்தல் மெல்ல மொட்டாகிறது; விஜயநகரத்தில் கவிழ்ந்த பூ; நாயக்கர் காலத்தில் நீண்டு தொங்கும் வாழைப்பூ. ஆக உங்கள் அர்த்தமண்டபம் சோழர் பணி, முன்மண்டபம் நாயக்கர் காலமோ அதற்குப் பிறகோ.

அடுத்து தூணின் அடிச்சதுரம். அதன் மூலைகளில் நாகபந்தம் (பாம்புத்தலை போன்ற துருத்தல்) உண்டா? முற்சோழர் தூண்களில் இராது. பிறகு சிறு முனையாகத் தலைகாட்டி, விஜயநகர, நாயக்கர் தூண்களில் படமெடுத்த பாம்பாகவே நிற்கும்.

கபோதத்தில் (சுவருக்கு மேல் வளைந்து நீளும் கூரை விளிம்பில்) உள்ள கூடுகளையும், அதாவது லாட வடிவ வளைவுகளையும் பாருங்கள். உச்சி மண்வெட்டி போலத் தட்டையாக விரிந்தால் பல்லவர் பாணி. சிங்கமுகமாக இருந்தால் சோழர். சுவரில் கும்பபஞ்சரம் (குடத்திலிருந்து எழும் தூணும் அதன் மேல் பஞ்சரம் என்ற சிறு கோயில் வடிவமும்) இருந்தால் பெரும்பாலும் ராஜராஜனுக்குப் பிந்தையது. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முன் அதைக் காண்பது அரிது.

அடித்தளத்தில் துருத்தி நிற்கும் குமுத வரி முப்பட்டையா உருளையா என்று கேட்பார்கள். முப்பட்டை என்றால் பாதபந்தம் என்ற அடித்தள வகை, உருளையோடு மேலே யாளிவரி (யாளி உருவங்களின் வரிசை) வந்தால் பிரதிபந்தம். இது வகை சொல்லும், காலம் சொல்லாது. இரண்டும் பல நூற்றாண்டுகள் சேர்ந்தே வருகின்றன.

சுதைச் சிகரத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஒவ்வொரு திருப்பணியிலும் புதுப்பிப்பது அது.

பதில் 2 – கல்லெழுத்து

கோப்பரகேசரி பட்டப்பெயர்தான், சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிச் சூடினார்கள். பரகேசரிகளில் விஜயாலயன், முதல் பராந்தகன், அரிஞ்சயன், ஆதித்த கரிகாலன், உத்தமசோழன், முதல் ராஜேந்திரன் எல்லோரும் உண்டு. "யாண்டு ௰௨" என்பது 12-ஆம் ஆட்சியாண்டு என்பதால் குறுகிய காலமே ஆண்ட அரிஞ்சயனும் கரிகாலனும் விழுந்துவிடுவார்கள். ராஜேந்திரன் என்றால் "திருமன்னி வளர" என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி (மன்னனின் புகழ் பாடும் முன்னுரை) வந்திருக்க வேண்டும். பராந்தகன் என்றால் அந்த ஆண்டுக்குள் "மதிரை கொண்ட" என்ற அடைமொழி வழக்கமாகியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் முதலில் சோதிக்க வேண்டியவன் உத்தமசோழன். 970-களின் தொடக்கத்தில் பட்டமேறியவன், ஆகவே 980-களின் முற்பகுதி. விஜயாலயனை ஒதுக்க எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஒன்று: வரி கல் இணைப்பைத் தாண்டி அடுத்த கல்லில் தொடர்கிறதா?

பதில் 3 – திருப்பணிக்காரன்

பதில் 1-இல் வாழைப்பூப் போதிகைக்கு "நாயக்கரோ பிறகோ" என்றதில் அந்தப் "பிறகோ"தான் சிக்கல். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 20-இன் முற்பகுதியில் நகரத்தார் செய்த திருப்பணிகளிலும் அதே போதிகைதான். சோழநாட்டில் பழைய கற்றளியையே (கற்கோயிலையே) பிரித்துப் புதுக்கல்லில் கட்டிய இடங்களும் உண்டு. பழைய கல்வெட்டுகள் தளவரிசையாகவும் படிக்கல்லாகவும் போயின. உளி வேலை கூர்மை குறையாமல், விளிம்பு தேயாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

காவிரிக்கரையான்

பார்த்துவிட்டேன். "மதிரை கொண்ட" இல்லை, மெய்க்கீர்த்தியும் இல்லை. தெற்கில் வரி நான்கு கற்களைத் தாண்டி ஒழுங்காகத் தொடர்கிறது. வடக்கில் எழுத்துள்ள ஒரு கல் தலைகீழாக இருக்கிறது. கூட்டின் மேல் சிங்கமுகம். அர்த்தமண்டபத் தூண்களில் நாகபந்தம் இல்லை. அம்மன் சன்னதி அடியில் பழைய கல்லே இல்லை.

பதில் 2 – கல்லெழுத்து

அப்படியானால் தெற்குச் சுவர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வடக்குச் சுவர் ஒருமுறையாவது பிரித்து அடுக்கப்பட்டது. அங்கே கிடைக்கும் வாசகத்தைத் தெற்கு வாசகத்தோடு ஒட்டவைக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: கல்வெட்டின் காலமும் சுவரின் காலமும் ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை. திருக்கோடிக்காவலில் உத்தமசோழனின் தாய் செம்பியன் மாதேவி கற்றளி எழுப்பியபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டவைத்தார். அப்படிப் படியெடுத்த இடத்தில் பெரும்பாலும் அதைச் சொல்லும் வாசகம் இருக்கும். வெவ்வேறு மன்னர்களின் ஆவணங்கள் ஒரே கையெழுத்தில் வரிசையாக வந்தாலும் ஐயப்படலாம்.

படிக்க மாவு, சுண்ணக்கட்டி, எண்ணெய் எதுவும் தேய்க்க வேண்டாம். இருட்டியபின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள். ஒரே இடத்தை இடமிருந்தும் வலமிருந்தும் மேலிருந்தும் மூன்று முறை. பழைய கல்வெட்டில் புள்ளி வைக்கும் வழக்கம் அரிது, குறில் நெடில் ஒ, எ வேறுபாடும் இராது. அதை எதிர்பார்த்துப் படியுங்கள். 1887 முதலான கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்ப்பெயரைத் தேடுங்கள். எந்தச் சுவர், எந்த மன்னர், என்ன கொடை என்று சுருக்கம் இருக்கும்.

குறிப்பில் "கருவறையும் அர்த்தமண்டபமும் சோழர் பணி, 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியாகலாம், முன்மண்டபம் நாயக்கர் காலம் அல்லது பிந்தையது, அம்மன் சன்னதி பிற்சேர்க்கை" என்று எழுதலாம்.

பதில் 3 – திருப்பணிக்காரன்

குடமுழுக்கு வேலை தொடங்குமுன் எல்லாக் கல்வெட்டையும் படமெடுத்துவிடுங்கள். மணல் வீச்சு இயந்திரம் வந்தால் மேலோட்டமான எழுத்துகள் முதலில் போகும். வடக்குச் சுவரைப் பிரிப்பதாக இருந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் வரிசை எண், இட எண் இரண்டையும் அடிப்பக்கத்தில் எழுதி, அதே எண்களோடு சுவரின் படத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.